பத்து பெரிங்கி பக்கம் மணலில் மறைந்து மறைந்து வெளிவரும் பழைய படிக்கட்டு: கரை அரிக்கிறதா, மணல் இடம் மாறுகிறதா?

தீவுக்காரி:

பினாங்குத் தீவின் வடகரையில், பத்து பெரிங்கிக்கும் தஞ்சோங் பூங்காவுக்கும் நடுவில் ஒரு சின்னக் குடா. மேலே சவுக்கு மரங்கள், அதன் கீழே பழைய செங்கல் சுவரின் அடி. அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சிமெண்ட் படிக்கட்டு. போன வருடம் எடுத்த படத்தில் இரண்டு படிதான் தெரிகிறது, இந்த மாதப் படத்தில் ஆறு படி. ஒரு படியின் உயரம் 15 செ.மீ. அடிப்படிகளில் சிப்பி ஒட்டியிருக்கிறது. கடல் நன்றாக வற்றும்போது படிக்கு நேரே இரண்டு வரிசை மரக்கம்ப அடிகள் மணலுக்கு மேலே சுமார் 20 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பழைய படத்தில் அவை இல்லவே இல்லை. சுவரின் ஒரு மூலை உடைந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. சுற்றிலும் தேய்ந்த செங்கல் துண்டு, கண்ணாடி, பீங்கான்.

குடியிருப்பாளர் குழுவில் மூன்று கட்சி. உடனே அலைத்தடுப்புச் சுவர் கேட்க வேண்டும் என்பது ஒன்று. ஆபத்து, எல்லாவற்றையும் பெயர்த்து அள்ளிவிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டு லோரி மணல் கொட்டினால் முடிந்தது என்பது மூன்றாவது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மணல் திரும்பி வருமா, நிரந்தரமாகப் போய்விட்டதா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கட்டுமானத்துக்கு வயது என்ன இருக்கும்?

ஓதக்கணக்கன்:

சகோதரி, முதலில் ஒரு விஷயம். படிக்கட்டு அசையவில்லை, மணல்தான் ஏறி இறங்குகிறது. ஆகவே அந்தப் படிக்கட்டு குப்பை இல்லை, உங்கள் கையில் இருக்கும் அளவுகோல். யாராவது பெயர்க்கும் முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

நான்கு படி கூடுதலாகத் தெரிகிறது என்றால் அந்த இடத்தில் மணல் 60 செ.மீ. இறங்கியிருக்கிறது. கரையின் சாய்வு எட்டுக்கு ஒன்று என்று வைத்தால் நீர்க்கோடு கிட்டத்தட்ட 5 மீட்டர் உள்ளே வந்திருக்கும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இரண்டு படத்தை வைத்து ‘அரிப்பு’ என்று தீர்ப்பு எழுத முடியாது. பினாங்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரும் ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் வரும், அதுவும் நாளுக்கு இருமுறை. அட்டமியை ஒட்டி அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். படம் எடுத்த நாளும் நேரமும் தெரியாமல் நீர்க்கோட்டை ஒப்பிடவே கூடாது. படியை எண்ணுவது அதைவிட எவ்வளவோ மேல்.

மணல் எங்கே போகிறது? குட்டையான, செங்குத்தான அலை அடிக்கும்போது அது கரையிலிருந்து இறங்கி, சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டாகச் சேரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று இதை ஒரே இரவில் செய்துவிடும். பிறகு தாழ்வான, நீண்ட அலை வாரக்கணக்கில் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தள்ளும். போவது மணிக்கணக்கில், திரும்புவது மாதக்கணக்கில். மக்கள் பயப்படுவது எப்போதும் போன மறுநாள்தான். வற்று நேரத்தில் கரைக்கு இணையாக ஒரு திட்டு தெரிகிறதா, அல்லது அலை ஒரு கோட்டில் முன்கூட்டியே உடைகிறதா என்று பாருங்கள். இருந்தால் மணல் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

திட்டு இல்லை என்றால் வேறு மூன்று வழி. ஒன்று, கரையோர நீரோட்டம் குடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அள்ளிப் போயிருக்கும். அப்படியானால் அங்கே மணல் உயர்ந்திருக்க வேண்டும், நடந்து போய்ப் பாருங்கள். இரண்டு, பக்கத்தில் ஓடையோ பெரிய கால்வாயோ வந்து விழுகிறதா? மணல் அடைத்த ஓடைவாய் கரைக்கு இணையாக நகரும். ஒரு பெருமழையில் புதிய இடத்தில் உடைத்து, வழியில் இருக்கும் மணலை அறுத்துக்கொண்டு போகும். படிக்கட்டு வெளிவந்ததற்குக் கடலே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். மூன்றாவதுதான் கெட்ட செய்தி: வரவு நின்றுபோவது. இந்த வடகரை மணல் பெரும்பாலும் மலைக் கருங்கல் உதிர்ந்து ஓடைகள் கொண்டுவந்து சேர்த்த பருமணல். ஓடையில் அணை கட்டினால், கரையோரம் சிமெண்ட் பூசினால், வரவு குறையும். செலவு மட்டும் தொடரும்.

வரவு நின்றதா என்பதைச் சவுக்கு வேர் சொல்லும். பச்சையாக, புதிதாகத் தோல் உரிந்த வேர் தொங்கினால் அண்மைய வெட்டு. வெளுத்து, காய்ந்து, வழுவழுப்பாகத் தேய்ந்த வேர் வரிசையாக நின்றால் கரை பல வருடமாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு தீவிர உதாரணம்: 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை இறங்கிய கிளந்தானின் சபாக் கடற்கரை. கரைக்குப் பின்னால் கட்டிய சிமெண்ட் காவல் அறைகளை நோக்கிக் கடலே நடந்து வந்துவிட்டது. அறை ஒரு அடி நகரவில்லை. அங்கே திறந்த கடல், இங்கே சுமத்ராவின் மறைவில் இருக்கும் நீரிணை. அந்த வேகத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பயமுறுத்தக் கூடாது.

காரைக்கரண்டி:

ஓதக்கணக்கன் அண்ணன் மணலைச் சொல்லிவிட்டார், நான் கட்டுமானத்தைச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியில் அந்த மரக்கம்ப அடிகள்தான் தங்கம். பழைய சிறு ஜெட்டியின் (படகுத்துறையின்) கால்களாக இருக்க வேண்டும். கடலில் நிற்கும் மரத்தைக் கப்பல் புழு துளைக்கும். புழு என்று பெயர்தானே தவிர அது சிப்பி இனம். தண்ணீர் படும் பகுதியைத் தேன்கூடு மாதிரி ஆக்கிவிடும், ஆனால் மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் மூச்சுக்காற்று இல்லாததால் அங்கே போகாது. அதனால் கம்பம் எப்போதும் அன்றைய மணல் மட்டத்தை ஒட்டியே ஒடியும், அடிப்பகுதி மட்டும் பல பத்தாண்டுகள் கெடாமல் நிற்கும். ஒடிந்த முனைதான் ஒடிந்த காலத்து மணல் மட்டம்.

இப்போது உங்கள் அளவைப் பாருங்கள். முனைகள் 20 செ.மீ. மேலே நிற்கின்றன. பழைய படத்தில் முழுக்கப் புதைந்திருந்தன. அதாவது மணல் இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட முன்பும் ஒருமுறை இறங்கியிருக்கிறது, அதுவும் புழு மரத்தைத் தின்று முடிக்கும் அளவுக்கு நீண்ட காலம். இறக்கத்தின் பெரும்பகுதி இந்தக் கரை ஏற்கெனவே பார்த்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்தக் கடைசி 20 செ.மீ. மட்டும் புதிது. கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். ஒரு எச்சரிக்கை: முனைகள் எல்லாம் ஒரே மட்டத்தில், தட்டையாக இருந்தால் அது புழு வேலை இல்லை, யாரோ ரம்பம் போட்டு அறுத்திருக்கிறார்கள். அப்போது இந்தக் கணக்கு செல்லாது. புழு தின்ற முனை பென்சில் சீவியதுபோல் ஒழுங்கில்லாமல் கூம்பியிருக்கும், விரல் நுழையும் துளைகள் இருக்கும், துளைக்குள் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு தெரியும்.

அடிப்படிச் சிப்பியும் அதே சாட்சிதான். சிப்பி மணலுக்குள் வாழாது. மூன்று, நான்கு செ.மீ. வளர்ந்த ஓடு ஒட்டியிருந்தால் அந்தப் படி சில மாதங்களாவது தொடர்ந்து திறந்திருந்தது. இரண்டு ஓடும் மூடியபடி உள்ளே மணல் நிரம்பிச் செத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே புதைந்தது. மேல் ஓடு உதிர்ந்து அடி ஓடு மட்டும் தேய்ந்து மிச்சம் இருந்தால், செத்தபிறகு மணலும் அலையும் வெகுநாள் உரசியிருக்கின்றன.

வயதுக்கு வருகிறேன். உடைந்த மூலையில் தெரியும் கம்பி வழுக்கலான உருண்டைக் கம்பியா, வரி வைத்த முறுக்குக் கம்பியா? முறுக்குக் கம்பி என்றால் ஜப்பான்காரன் காலம், வெள்ளைக்காரன் காலம் என்று கதை கட்ட வேண்டாம். உருண்டைக் கம்பி என்றால் பழையதாக இருக்கலாம், ஆனால் அது பின்னாளிலும் புழங்கியது, தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. முதலில் துருவை ஒரு அடுக்கு உரித்துவிட்டுப் பாருங்கள், துரு வரியை மறைத்துவிடும்.

செங்கல் இடுக்கில் இருப்பது சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா என்று பார்க்கச் சிலர் வினிகர் ஊற்றுவார்கள். பொங்கினால் சுண்ணாம்பு என்பார்கள். கடற்கரையில் இந்தச் சோதனை ஏமாற்றும். மணலில் கலந்த சிப்பித்தூளும் பொங்கும், காற்றுப்பட்ட பழைய சிமெண்ட்டும் லேசாகப் பொங்கும். அதைவிட நகத்தால் கீறுங்கள். சுண்ணாம்புக் காரை மாவாக உதிரும், உள்ளே முழுதும் நீறாத வெள்ளைக் கட்டி கண்ணில் படும். சிமெண்ட் சாம்பல் நிறமாக, சாவியால் கீறினாலும் முறைக்கும்.

சுவர் மூலை ஏன் உடைந்தது என்று கேட்டால், கடல் அடித்து உடைத்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் உள்ளிருந்து உடைந்ததுதான். உப்பு சிமெண்ட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடும். கம்பி துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும், மேலே இருக்கும் சிமெண்ட்டைப் பிளக்கும். இது மிக மோசமாக நடக்கும் இடம் எப்போதும் முழுகியிருக்கும் அடிப்பகுதி அல்ல, நனைந்து காய்ந்து நனைந்து காயும் சாரல் பகுதி. நீருக்கடியில் உப்பு உண்டு, காற்று குறைவு. சாரலில் இரண்டும் தாராளம். கம்பியே போடாத பழைய கற்காரை (கான்கிரீட்) துண்டுகள் இன்றும் கல்லாட்டம் கிடப்பதற்குக் காரணமும் இதுதான்.

கண்ணாடித் துண்டில் பாட்டில் கழுத்து கிடைத்தால் அச்சு இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். கோடு வாய் விளிம்பு வரை ஓடினால் முழு இயந்திரத் தயாரிப்பு, 20ஆம் நூற்றாண்டு. விளிம்புக்குக் கீழேயே நின்றால் அதற்கு முந்திய முறை. கழுத்தில் இரண்டு பக்கம் அமுக்கிய பள்ளம் இருந்தால் அது கோலி சோடா பாட்டில். 1872இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, நம் ஆட்கள் அதைப் பல பத்தாண்டுகள் விடவே இல்லை. ஆகவே பாட்டில் ஒரு கீழ் எல்லையைத்தான் தரும், அதுவும் பாட்டிலுக்குத்தான். அலை எங்கிருந்தும் கொண்டுவந்து போடும். சுவர்க் காரைக்குள்ளேயே பதிந்த துண்டு கிடைத்தால் மட்டுமே சுவரின் வயதுக்குச் சாட்சி.

இன்னொன்று, வழுவழுப்பான உருண்டைக் கருங்கல் பாறைகளைக் கடல் தேய்த்தது என்று எழுத வேண்டாம். அவை மண்ணுக்கடியிலேயே மழைநீர் ஊறி வெங்காயத் தோல் மாதிரி உரிந்து உருண்டையானவை. மேல் மண்ணை மழையும் கடலும் கழுவியதும் வெளியே வந்தவை. ஊர்ப் பெயரே அப்படி ஒரு பாறையில் இருந்துதான். பெரிங்கி என்றால் நம் பறங்கிதான், பறங்கிப் பாறை. கல்லில் வரிசையாக உளித் துளை இருந்தால் மட்டும் மனிதக் கை பட்டது.

தீவுக்காரி:

நன்றி அண்ணே. கம்ப முனைகள் கூம்பித்தான் இருக்கின்றன, வெள்ளைப் பூச்சுள்ள துளைகளும் உண்டு. கம்பி உருண்டை. நீர்த்திட்டு இருப்பதாகத் தோன்றுகிறது, அலை ஒரு கோட்டில் உடைகிறது. குடாவின் மேற்கு முனையில் ஒரு கால்வாய் விழுகிறது. சுவர் கேட்பவர்களுக்கும் இரண்டு லோரிக்காரர்களுக்கும் என்ன பதில் சொல்வது?

கல்லடுக்கு:

இரண்டு லோரிக்கு முதலில். பாதிக்கப்பட்ட கரை 50 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், சராசரி இறக்கம் 40 செ.மீ. என்று வைத்தால் 400 கன மீட்டர். ஒரு லோரி 10 கன மீட்டர் என்றால் 40 லோரி. இரண்டு லோரி மணல் அடுத்த பெரும் ஓதத்தில் காணாமல் போகும். நாற்பது லோரி போட்டாலும் கட்டட மணல் உள்ளூர் மணலைவிட நைஸாக இருந்தால் அதே கதி. ஒரு பிடி உள்ளூர் மணலையும் வரப்போகும் மணலையும் மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாளில் பரப்பிப் பாருங்கள். புதியது சமமாகவோ சற்றுப் பருமனாகவோ இருக்க வேண்டும். சிவப்பு மண் கலந்தால் தண்ணீர் கலங்கும், கரை இறுகிச் செங்குத்தாக வெட்டும்.

சுவர் விஷயத்தில் என் கருத்து கடுமையானது. சுவர் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கும், முன்னால் இருக்கும் மணலைக் காக்காது. சாய்வான மணலில் ஏறும் அலை தன் பலத்தை அங்கேயே தொலைக்கும். செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பி அடித்துச் சுவரின் காலடியைத் தோண்டும். முன்னால் வரும் அலையின் உயரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் குழி விழும் என்பது வேலைக்காரர்களின் கைக்கணக்கு. அடித்தளம் அதற்குக் கீழே போகாவிட்டால் சுவர் முன்பக்கம் சாயும். இரு முனைகளிலும் அலை வளைந்து பின்னால் புகும், பக்கத்து வீட்டுக்காரர் கரைதான் அடுத்து அரிக்கும். மழைநீர் வெளியேறும் துளைகள் அடைபட்டால், கடல் வற்றும்போது சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீரே அதைத் தள்ளும். பின்னால் வடிகட்டித் துணி போடாமல் மண் நிரப்பினால் இடுக்கு வழியாக மண் கசிந்து, ஒருநாள் நடைபாதை பொக்கென்று உள்வாங்கும். கட்டியே தீரவேண்டிய இடத்தில் இரண்டுக்கு ஒன்று சாய்வில், வடிகட்டித் துணிமேல் இரண்டு அடுக்குக் கருங்கல் போடுவது செங்குத்துச் சுவரைவிட எவ்வளவோ தேவலாம். உங்கள் குடாவுக்கு இப்போதைக்கு அதுவும் வேண்டாம்.

கடலோரத்தில் எதைக் கட்டினாலும் விளைவு வேறெங்கோ தெரியும் என்பதற்குக் கர்னி டிரைவ் போதும். வெளியே கடலைத் தூர்த்து நிலம் மீட்டபிறகு உள்ளே அலை அடங்கியது. மணலுக்கும் சேற்றுக்கும் வித்தியாசம் விழும் வேகம்தான். 0.3 மி.மீ. மணல் ஒரு மீட்டர் ஆழத்தை அரை நிமிடத்தில் கடந்து அடியில் உட்காரும். 0.02 மி.மீ. வண்டலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அலை புரட்டிக்கொண்டிருந்தால் வண்டல் உட்காரவே உட்காராது, அலை ஓய்ந்தால் உட்காரும். சேறு தங்கியது, அதன்மேல் கண்டல் செடி முளைத்தது. இயற்கை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஓதக்கணக்கன்:

கல்லடுக்கு சொல்வதில் ஒரே இடத்தில் மாறுபடுகிறேன். சுவர் கட்டினால் எப்போதும் மணல் போய்விடும் என்று இல்லை. ஏற்ற நீர்க்கோட்டுக்கு மிகவும் மேலே, பெரும் புயல் அன்றைக்கு மட்டும் அலை தொடும் சுவர், வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா நிற்கும், கெடுதல் குறைவு. இந்தப் பழைய செங்கல் சுவரும் கட்டும்போது அப்படித்தான் இருந்திருக்கும். இப்போது தினமும் நனைகிறதா, எப்போதாவது நனைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதைப் பொறுத்து என் பதில் மாறும்.

கால்வாய் மேற்கு முனையில் என்றால் அந்தப் பக்கம் இறக்கம் அதிகமா என்பதையும் பாருங்கள். கால்வாயிலிருந்து தள்ளிப் போகப் போக இறக்கம் குறைந்தால் முதல் சந்தேகம் கால்வாய்மேல்தான். நீர் ஊறிய கரை அலைக்குச் சீக்கிரம் கரையும்.

தாலுகா:

பெயர்த்து அள்ளும் கட்சிக்கு ஒரு வார்த்தை. ஏற்ற நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள கரை மாநில அரசின் நிலம். குடியிருப்பாளர் குழு அங்கே தோண்டவும் கூடாது, கொட்டவும் கூடாது. கடிதம் மாவட்ட நில அலுவலகத்துக்கும் நீர்ப்பாசன வடிகால் துறைக்கும் போக வேண்டும், தீவு மாநகராட்சிக்கு ஒரு நகல். பழம்பொருள் என்று நினைக்க இடமிருந்தால், 2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டப்படி தெரிவிக்க வேண்டியது கண்டெடுத்தவரின் கடமை. வீட்டு அலமாரியில் வைப்பது அல்ல. துரு, மணல், சிப்பி எல்லாம் சேர்ந்து இறுகிய கனமான கட்டி கிடைத்தால் தட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே நங்கூரச் சங்கிலியும் இருக்கலாம், போர்க்காலக் குண்டும் இருக்கலாம். தள்ளி நின்று 999.

வெளியே நீட்டும் கம்பி மட்டும் ஆபத்து என்றால் சிவப்புக் கொடி கட்டி, முனைக்குத் தொப்பி போடச் சொல்லிக் கேளுங்கள். படிக்கட்டைப் பெயர்த்தால் அது தாங்கிப் பிடித்திருக்கும் மேல் மண்ணும் சவுக்கும் சேர்ந்து இறங்கும்.

காரைக்கரண்டி:

கடைசியாக, அளப்பது எப்படி. மாதம் ஒருமுறை, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, வற்று நேரத்துக்கு முன்பின் ஒரு மணிக்குள். ஓத அட்டவணையைக் கடற்படையின் நீரியல் மையம் வெளியிடுகிறது. 1.5 மீட்டர் உயரத்தில் இரண்டு கழி, செ.மீ. கோடு போட்டு, நடுவில் 2 மீட்டர் கயிறு. முதல் கழி நிலைக்குறியில் (ஒவ்வொரு முறையும் அளவைத் தொடங்கும் அசையாத புள்ளியில்), இரண்டாவது கடல் பக்கம். வடகரையில் தொடுவானம் தெளிவாகத் தெரியும் என்பதால் கடல் பக்கக் கழியின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்த்து, அந்தக் கோடு பின்கழியை அதன் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறது என்று குறித்தால் போதும், அதுதான் இறக்கம். மூடுபனி, எதிர்க்கரை தெரியும் இடம் என்றால் கொத்தனார் டியூப் லெவல் போடுங்கள், குழாயில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. பிறகு பின்கழியை முன்னே கொண்டுபோய் நீர்வரை தொடருங்கள். கழியை மணலில் அழுத்தினால் கணக்கு கெடும், அடியில் ஒரு பால்மாவு டின் மூடி கட்டிவிடுங்கள். படிக்கட்டு ஓரம் ஒரு வரி, கம்ப வரிசை ஓரம் ஒரு வரி, கால்வாய் பக்கம் ஒரு வரி, மொத்தம் மூன்று. பன்னிரண்டு மாதம் ஆகாமல் முடிவு சொல்ல வேண்டாம், பதினெட்டு மாதம் ஆனால் நல்லது. கம்ப முனைக்கு மேலே மணல் ஒருமுறைகூட வராவிட்டால் அப்போது கடிதத்தின் தொனியை மாற்றுங்கள்.

நிலைக்குறியாகச் சவுக்கு மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். வேர் தூக்கும், மரம் சாயும். மேல் படியின் உள்மூலையில் ஒரு சிவப்புப் பெயிண்ட் பொட்டு வைத்து, அது சாய்ந்தால் தெரிய சாலையோரக் கால்வாய்ச் சுவரில் இன்னொரு பொட்டும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தால் போதும்.